கேக் கணக்கும் கணிப்பொறியும்: ஜான் சிம்மன்ஸ்



ஒரு கம்பெனியின் அன்றாடக் கணக்கு வேலையை உலகத்திலேயே முதன்முதலில் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தது யார் தெரியுமா? விமானம் செய்கிற கம்பெனியா? கார் கம்பெனியா? பேங்கா? எதுவும் இல்லை. ரொட்டியும் கேக்கும் சுட்டு, டீத்தூள் கலந்து, ஊரெல்லாம் டீக்கடை நடத்திய ஒரு கம்பெனி! லண்டனில் இருந்த ஜே. லயன்ஸ் அண்ட் கம்பெனி. ஆண்டு 1951.

இதைக் கேட்டால் முதலில் சிரிப்புத்தான் வரும். கேக் சுடுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு? ஆனால் அந்தக் கம்பெனியின் கணக்கு அறையில் உட்கார்ந்திருந்த ஒரு மனிதரைத் தெரிந்துகொண்டால் சிரிப்பு அடங்கிவிடும். அவர்தான் ஜான் சிம்மன்ஸ். எலக்ட்ரானிக்ஸ் படித்தவர் அல்ல. சால்டரிங் அயர்ன் பிடித்தவரும் அல்ல. கம்ப்யூட்டர் என்ற பொருள் பிறப்பதற்கு இருபது வருஷம் முன்பிருந்தே அதற்கு இடம் தயார் செய்துகொண்டிருந்தவர் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

1902ல் பிறந்தவர் சிம்மன்ஸ். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். அங்கே கணிதத்தில் முதல் வகுப்பில் தேறுகிறவர்களுக்கு ராங்ளர் என்று பெயர். அது லேசுப்பட்ட பட்டம் அல்ல. அப்படித் தேறியவர்கள் பேராசிரியர் ஆவார்கள், அரசாங்கத்தில் பெரிய பதவிக்குப் போவார்கள். நம்மாளு 1923ல் போய்ச் சேர்ந்தது டீக்கடைக் கம்பெனியில்! வீட்டில் என்ன சொன்னார்களோ, தெரியவில்லை.

லயன்ஸ் கம்பெனியை டீக்கடை என்று சொல்லிவிட்டோமே தவிர, அதன் அளவு சாதாரணமானது அல்ல. 1894ல் லண்டன் பிக்காடிலி தெருவில் முதல் கடையைத் திறந்தார்கள். பிறகு இருநூறுக்கு மேல் கடைகள். லண்டன் ஹாமர்ஸ்மித்தில் கேட்பி ஹால் என்ற பெரிய வளாகம். அதற்குள்ளே பேக்கரிகள், சமையற்கூடங்கள், ஐஸ்கிரீம், தலைமை ஆபீஸ் எல்லாம். கிரீன்ஃபோர்டில் டீத்தூள் ஆலை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்த நிறுவனம். சால்மன், குளுக்ஸ்டீன் என்ற இரண்டு குடும்பங்கள்தான் முதலாளிகள். ஜோசப் லயன்ஸ் என்பவர் பெயரைக் கொடுத்த கூட்டாளி.

இந்த வியாபாரத்தில் ஒரு விசேஷம் உண்டு. விற்பது எல்லாம் பைசா கணக்கு. ஒரு கப் டீ, ஒரு பன், ஒரு துண்டு சுவிஸ் ரோல். ஒவ்வொன்றிலும் கிடைக்கும் லாபம் ஒரு பென்னியில் ஒரு துளி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பில் போட வேண்டும், பில்லைச் சரிபார்க்க வேண்டும், பேரேட்டில் ஏற்ற வேண்டும். பன்னுக்குக் கிடைத்த லாபத்தைக் காட்டிலும் பன்னைப் பற்றி எழுதுகிற செலவு கூடிப்போனால் கம்பெனி என்ன ஆகும்? யானை வாங்குகிற காசு அங்குசத்துக்குப் போன கதைதான். பில்களைச் சரிபார்க்கவும் கூட்டிப் போடவும் அங்கே நூற்றுக்கணக்கான குமாஸ்தாக்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள்.

சிம்மன்ஸைக் கம்பெனிக்கு எடுத்தவர்கள் அவரிடம் ஒப்படைத்தது இந்தக் காகித மலையைத்தான். குமாஸ்தா வேலையை எப்படி வேகமாக முடிப்பது என்று அவர் பார்க்கவில்லை என்பதுதான் இதில் ருசியான விஷயம். இந்தத் தாள் யாருக்காக எழுதப்படுகிறது, அவர் இதை வைத்து என்ன முடிவு எடுக்கிறார் என்று ஒவ்வொரு தாளையும் கேட்டார். பதில் இல்லாத தாளை ஏன் எழுத வேண்டும்? கணக்கு என்பது முடிந்துபோனதைப் பதிந்து வைக்கிற வேலை என்றுதான் அன்று பலரும் நினைத்தார்கள். மானேஜர் நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிக்க உதவாத கணக்கு எதற்கு என்பது சிம்மன்ஸின் கட்சி.

1930களின் தொடக்கத்தில் லயன்ஸில் ஸிஸ்டம்ஸ் ரிசர்ச் ஆபீஸ் என்று ஒரு பிரிவு உருவானது. அதாவது, தினசரி வேலை எதிலும் தலையிடாமல், வேலை நடக்கிற முறையை மட்டும் ஆராய்கிற பிரிவு. இன்று ஸிஸ்டம்ஸ் அனாலிஸிஸ் என்று நாம் பாடமாகப் படிப்பது இதுவேதான். அன்று அதற்குப் பாடப்புத்தகமும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது. இந்தப் பிரிவில் வந்து சேர்ந்தவர்கள் பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு பேக்கரி, டிஸ்பாட்ச், கடை, கணக்கு என்று ஒவ்வொரு இடமாகப் போய், ஒரு ஆர்டர் பிறந்ததிலிருந்து பணமாகிற வரை எத்தனை கை மாறுகிறது, எத்தனை முறை திரும்ப எழுதப்படுகிறது என்று பின்தொடர்ந்தார்கள்.

அவர்கள் கண்டுபிடித்து மாற்றிய ஒன்றைச் சொல்கிறேன். ஊர் ஊராகப் போய்ச் சில்லறைக் கடைகளுக்கு ரொட்டி, கேக் விற்கும் பிரதிநிதிகள் இருந்தார்கள். அவர்கள் கொண்டுவரும் ஆர்டரை ஒரு குமாஸ்தா விலை போடுவார், இன்னொருவர் கூட்டுவார், மூன்றாமவர் பேரேட்டில் ஏற்றுவார், நான்காமவர் பாக்கி வசூலைப் பார்ப்பார். ஆளுக்கொரு துண்டு வேலை. தவறு நேர்ந்தால் யார் தவறு என்று யாருக்கும் தெரியாது. 1935 வாக்கில் இதைத் தலைகீழாக்கினார்கள். குறிப்பிட்ட சில விற்பனைப் பிரதிநிதிகளின் முழுக் கணக்கும் ஒரே குமாஸ்தாவின் பொறுப்பு. விலை போடுவதிலிருந்து பாக்கி வரை அவரே. வேலை குறைந்தது, தவறு குறைந்தது, அந்தப் பெண்ணுக்கும் தான் என்ன செய்கிறோம் என்பது புரிந்தது. மைக்ரோஃபிலிமில் படம் பிடித்துச் சீட்டுகளைப் பாதுகாக்கும் வழக்கத்தையும் அந்தப் பத்தாண்டிலேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

தனித்தனியாகக் கிடந்த வேலைகளை ஒரே இழையில் கோர்ப்பது என்ற சிம்மன்ஸின் பழக்கம் இங்கேயே ஆரம்பித்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். மெஷின் இன்னும் வரவில்லை, வெறும் தாளும் மனுஷனும்தான்! இன்று உற்பத்தி ஆலைகளில் ஒருங்கிணைந்த கணிப்பொறி அமைப்பு என்று பெரிய பெயர் வைத்து லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள். ஸ்டோர்ஸ் ஒரு கணக்கு சொல்ல, புரொடக்‌ஷன் இன்னொன்று சொல்ல, அக்கவுண்ட்ஸ் மூன்றாவதாக ஒன்று சொல்கிற ஆலையில், அந்த மூன்று கணக்கையும் அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றினால் என்ன கிடைக்கும்? மூன்று பொய்யும் அழகாகப் பிரிண்ட் ஆகி வரும். அவ்வளவுதான்.

போர் முடிந்தது. 1947ல் சிம்மன்ஸ் கம்பெனியின் கம்ப்ட்ரோலர், அதாவது கணக்கு இலாகாவின் தலைவர். போர்க்காலத்தில் அமெரிக்காவின் ஆபீஸ்களில் என்ன புதுமை வந்திருக்கிறது என்று பார்த்துவர இரண்டு பேரை அனுப்பினார். ஒருவர் ரேமண்ட் தாம்ஸன். இவரும் கேம்பிரிட்ஜ் ராங்ளர்தான். மற்றவர் ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்டு. டைப்ரைட்டர், கூட்டல் மெஷின் வகையறாவில் அவர்கள் அசந்துபோகிற மாதிரி எதுவும் அகப்படவில்லை. ஆனால் பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போடக் கட்டிய எலக்ட்ரானிக் மூளையைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். பிரின்ஸ்டனுக்குப் போய் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் என்ற விஞ்ஞானியைச் சந்தித்தார்கள். ஆபீஸ் வேலைக்கு இந்த மெஷின் ஆகுமா என்று அவர்கள் கேட்டதும் அவருக்கு ஆச்சரியம். அந்த மாதிரி மெஷின் ஒன்றை உங்கள் ஊரிலேயே, கேம்பிரிட்ஜில், மாரிஸ் வில்க்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறாரே என்று தகவலும் கொடுத்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை! அதுவும் சிம்மன்ஸ் படித்த பல்கலைக்கழகத்திலேயே!

இருவரும் ஊர் திரும்பி அறிக்கை எழுதினார்கள். சிம்மன்ஸ் அதை டைரக்டர்கள் முன்னால் வைத்தார். யோசித்துப் பாருங்கள். ரேஷன் அமலில் இருந்த இங்கிலாந்து. மாவு, சர்க்கரை எல்லாமே அளந்துதான். அந்த நேரத்தில், உலகத்தில் இன்னும் ஒருவரும் வேலை வாங்கிப் பார்க்காத ஒரு மெஷினுக்குப் பணம் கொடுங்கள் என்று டீக்கடை முதலாளிகளிடம் கேட்பது! அவர்கள் கொடுத்தார்கள். வில்க்ஸுக்குச் சில ஆயிரம் பவுண்டு நன்கொடையும், எர்னஸ்ட் லெனார்ட்ஸ் என்ற தங்கள் ஊழியரின் உழைப்பும். பதிலுக்கு, கட்டும் கலையைக் கற்றுக்கொடுங்கள் என்பதுதான் ஏற்பாடு. இருபத்துநாலு வருஷமாக சிம்மன்ஸ் சொல்லி நடக்காமல் போனது அதிகம் இல்லை என்பதால்தான் முதலாளிகள் துணிந்தார்கள் என்பது என் கணிப்பு.

கேம்பிரிட்ஜ் மெஷினுக்குப் பெயர் எட்சாக். 1949 மே 6ந்தேதி அது முதல் புரோகிராமை ஓட்டியது. அந்தச் சேதி வந்ததும் லயன்ஸ் தனக்கென்று ஒன்றைக் கட்டத் தொடங்கியது. விலைக்கு வாங்கலாமென்றால் கடையில் கிடைக்கும் பொருளா அது? போரின்போது ராடார் வேலை செய்திருந்த ஜான் பிங்கர்டன் என்ற இளம் எஞ்சினீயரை வேலைக்கு எடுத்து, எட்சாக்கின் வரைபடத்தை அடிப்படையாக வைத்து, ஆறாயிரம் வால்வுகளோடு ஒரு மெஷினைக் கேட்பி ஹாலில் எழுப்பினார்கள். நினைவகம் என்பது பாதரசம் நிரப்பிய 64 குழாய்கள். அவற்றில் ஒலி அலைகளாக எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மொத்தக் கொள்ளளவு 2048 சொற்கள், சொல்லுக்கு 17 பிட்; நம் கணக்கில் நாலு கிலோபைட் சொச்சம். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கு இதைப்போலப் பல நூறு மடங்கு இடம் வேண்டும்.

பிங்கர்டனுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது வால்வுகள்தான். ஆறாயிரத்தில் ஒன்று போனாலும் மெஷின் படுத்துக்கொள்ளும். எது சாகப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள, காலையில் வேண்டுமென்றே மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். அந்தச் சோதனையைத் தாங்காத வால்வைப் பிடுங்கிவிட்டு வேறு போடுவார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் மெஷின் நின்றால் விஞ்ஞானி டீ குடிக்கப் போகலாம். கம்பெனியில் நின்றால் சம்பளம் நிற்கும். அந்த வித்தியாசத்தை முதலில் உணர்ந்த எஞ்சினீயர்களில் பிங்கர்டனும் ஒருவர்.

மெஷினுக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: லயன்ஸ் எலக்ட்ரானிக் ஆபீஸ், சுருக்கமாக லியோ. கம்ப்யூட்டர் என்றோ கால்குலேட்டர் என்றோ பெயரில் ஒரு சொல்லும் இல்லை. ஆபீஸ்! அவர்கள் கட்டியது கணக்குப் போடும் கருவியை அல்ல, ஆபீஸை என்பதுதான் அதன் அர்த்தம். 1951 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

எந்த வேலையை முதலில் கொடுப்பது? சம்பளப் பட்டியல்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் சம்பளம் ஒரு நாள் தாமதமானாலும் ஊரே கொந்தளிக்கும். அதனால் பேக்கரி மதிப்பீடு என்ற வாராந்தர வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு வாரமும் பேக்கரியில் இருந்து வெளிவந்த ரொட்டி, கேக், பை எல்லாவற்றின் அளவையும் எடுத்து, மூலப்பொருள் இவ்வளவு, கூலி இவ்வளவு, இதர செலவு இவ்வளவு என்று விலை கட்டி, டீக்கடைக்குப் போனது எவ்வளவு, மொத்த வியாபாரத்துக்குப் போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். 1951 நவம்பர் கடைசியில் அது முறையாக ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து வாரம் தவறாமல். ஒரு வியாபார நிறுவனத்தின் வழக்கமான வேலையைக் கணிப்பொறி தொடர்ந்து செய்தது உலகிலேயே அதுதான் முதல் தடவை என்று சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி தன் ஆலைக்கு யூனிவாக் வாங்கியது 1954ல்தான்.

இந்த வேலைகளை மெஷினுக்கு ஏற்ற மாதிரி வடிவமைத்தவர் டேவிட் கேமினர். 1943ல் துனீசியப் போர்க்களத்தில் ஒரு காலை இழந்துவிட்டு, திரும்பவும் லயன்ஸுக்கே வந்தவர். புரோகிராம் எழுதுகிறவர்களை வெளியிலிருந்து தேட வேண்டியதில்லை என்று முடிவு செய்து, கம்பெனிக்குள்ளேயே பயிற்சி வகுப்பு வைத்தார்கள். பிரெஞ்சு படித்துவிட்டு லயன்ஸில் குமாஸ்தாவாக இருந்த மேரி கூம்ப்ஸ் அப்படித் தேறி 1952ல் புரோகிராமர் ஆனார். வியாபாரக் கணிப்பொறிக்குப் புரோகிராம் எழுதிய முதல் பெண் அவர். கணக்குப் பாடம் படித்தால்தான் கம்ப்யூட்டர் வரும் என்று நம்மைப் பயமுறுத்துகிறவர்கள் கவனிக்கவும்!

இடையில் ஒரு பெரிய சறுக்கல் வந்தது. ஆராய்ச்சிக்காரர்களுக்கு எண்கள் கொஞ்சம், கணக்கு அதிகம். கம்பெனிக்கு நேர் எதிர்; கணக்கு எளிது, ஆனால் உள்ளே போக வேண்டிய எண்களும் வெளியே வர வேண்டிய எண்களும் மூட்டை மூட்டையாக. இதற்காக மேக்னடிக் டேப் கருவி ஒன்றை வெளியில் ஆர்டர் கொடுத்து, காத்திருந்து காத்திருந்து, அது சரிப்படாமல் கடைசியில் கைவிட்டார்கள். பஞ்ச் கார்டும் காகித டேப்பும் போதும் என்று திரும்பி வந்து, பல கருவிகள் ஒரே சமயத்தில் உள்ளே கொடுக்கவும் வெளியே வாங்கவும் வழி செய்தார்கள். இதில் இரண்டு வருஷம் போயிற்று.

1954 பிப்ரவரியில் சம்பளப் பட்டியல் லியோவிடம் வந்தது. 1944லிருந்து இங்கிலாந்தில் சம்பளத்திலேயே வருமான வரி பிடிக்கும் முறை வந்துவிட்டதால், ஒருவரின் வாரச் சம்பளத்தைக் கணக்கிடப் பழுத்த குமாஸ்தாவுக்கே எட்டு நிமிடம் ஆகும். லியோவுக்கு ஒன்றரை விநாடி.

ஆனால் எனக்குப் பிடித்தது சம்பளக் கணக்கு இல்லை. அதே 1954ன் அக்டோபரில் வந்த டீக்கடை ஆர்டர் முறைதான். சிம்மன்ஸின் முப்பது வருஷ யோசனையும் அதில் இருக்கிறது.

முன்பெல்லாம் ஒவ்வொரு கடையின் மானேஜர் அம்மாவும் நாளைக்கு எவ்வளவு ரொட்டி, எவ்வளவு கேக், எவ்வளவு ஐஸ்கிரீம் என்று தினம் பாரம் பாரமாக எழுதி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு இலாகாவும் தன் பங்கைப் பிரித்து, கூட்டி, மறுபடி எழுதும். பேக்கரிக்கு ஒரு பிரதி, பேக்கிங்குக்கு ஒரு பிரதி, கணக்குக்கு ஒரு பிரதி. எங்கோ ஓரிடத்தில் 60 என்பது 90 ஆகிவிட்டால், ஒரு கடையில் கேக் மிஞ்சி ஊசிப்போகும். இன்னொரு கடையில் வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்புவார்.

புதிய முறையில் என்ன செய்தார்கள்? ஒரு கடைக்குத் திங்கட்கிழமை வழக்கமாக எவ்வளவு தேவை, செவ்வாய்க்கு எவ்வளவு என்று ஒரு நிரந்தர ஆர்டரைக் கார்டுகளில் பதிந்து வைத்துக்கொண்டார்கள். மானேஜர் அம்மா இனி எதையும் எழுத வேண்டாம். தினம் குறித்த நேரத்துக்குத் தலைமை ஆபீஸிலிருந்து போன் வரும். நாளைக்கு வழக்கத்தில் ஏதாவது மாற்றம் உண்டா? அதை மட்டும் சொன்னால் போதும். மழை வரும்போல இருக்கிறது, ஐஸ்கிரீமைக் குறையுங்கள், அவ்வளவே! காதில் ஹெட்போன் மாட்டிய பெண் கேட்டுக்கொண்டே அதை நேராகக் கார்டில் துளையிடுவாள். நடுவில் தாள் இல்லை.

அந்தக் கார்டு லியோவுக்குள் போனதும், எந்தப் பண்டத்தை எவ்வளவு தயாரிப்பது என்ற மொத்தக் கணக்கு பேக்கரிக்கு வரும். ஒவ்வொரு கடைக்கும் என்னென்ன கட்டி ஏற்ற வேண்டும் என்ற பட்டியல், ஆட்கள் பெட்டிகளை அடுக்கும் வரிசையிலேயே அச்சாகி டிஸ்பாட்சுக்கு வரும். கடையின் பேரில் எழுத வேண்டிய தொகை கணக்குக்குப் போகும். எந்தச் சரக்கு ஏறுகிறது, எது இறங்குகிறது என்ற விவரம் மானேஜர்களுக்கு. எல்லாம் ஒரே ராத்திரியில். ஒரு முறை சொன்ன சொல், மறுபடி யாரும் எழுதாமல், நாலு இலாகாவுக்கும் போய்ச் சேர்ந்தது! லண்டனைச் சுற்றி ஏறக்குறைய 150 கடைகள் இந்த வலைக்குள் வந்தன.

இன்று ஈ.ஆர்.பி. என்று ஆலைகளில் நிறுவுகிறார்களே, அதன் உயிர் இதுதான். ஒரு தகவல், பிறந்த இடத்திலேயே ஒரே ஒரு முறை பதிவாக வேண்டும். தேவைப்படுகிறவர் எல்லோரும் அதையே பார்க்க வேண்டும். வழக்கம் எதுவோ அது மெஷினிடம் இருக்கட்டும். வழக்கத்திலிருந்து விலகுவதை மட்டும் மனிதர் கவனிக்கட்டும். நாலு கிலோபைட் மெஷினில் இதைச் சாதித்தார்கள் என்றால் மெஷினின் பலமா அது? மானேஜர் அம்மாவின் வேலை, பேக்கரியின் வேலை, டிஸ்பாட்ச் ஆளின் வேலை மூன்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவர்களின் பலம் அல்லவா!

அப்படியானால் அந்தக் குமாஸ்தாப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். போருக்குப் பின் இங்கிலாந்தில் ஆபீஸ் வேலைக்கு ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. ஆகவே லயன்ஸில் ஆட்களை வேறு வேலைக்கு மாற்றுவது பெரிய சிரமமாக இல்லை. நாள் முழுக்கக் கூட்டல் போட்டுக்கொண்டிருப்பது மனிதமூளைக்கு ஏற்ற வேலை அல்ல என்பதில் சிம்மன்ஸுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆனால் ஆள் கிடைக்காத காலத்தில் சொன்ன நியாயம், வேலை கிடைக்காத காலத்துக்கும் பொருந்துமா? சிம்மன்ஸுக்கு அந்தச் சோதனை வரவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு வந்தது. கம்ப்யூட்டர் என்றாலே யூனியன்காரர்கள் கொடி பிடித்த காலம் எத்தனையோ நாடுகளில் உண்டு. அவர்கள் எல்லோரும் விவரம் தெரியாதவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

லியோவின் பெயர் பரவியது. ஃபோர்டு மோட்டார் கம்பெனி தன் தொழிலாளர் சம்பளத்தை லியோவில் போட்டுக்கொடுக்கச் சொன்னது. 1954 நவம்பரில் லியோ கம்ப்யூட்டர்ஸ் என்று தனிக் கம்பெனியே தொடங்கினார்கள். சிம்மன்ஸ் அதன் டைரக்டர்களில் ஒருவர். லயன்ஸின் டைரக்டர் போர்டிலும் அதற்கு முன்பே இடம் பெற்றிருந்தார். குடும்ப முதலாளிகளுக்கு நடுவே வெளியாள் ஒருவர் அங்கே போய் உட்காருவது சின்ன விஷயம் அல்ல. லியோ-2 மெஷின்கள் மொத்தம் 11 கட்டப்பட்டன. வில்ஸ் சிகரெட் கம்பெனி வாங்கியது. கார்பியில் இருந்த ஸ்டூவர்ட்ஸ் அண்ட் லாயிட்ஸ் எஃகு ஆலை வாங்கியது. ஃபோர்டு தன் உதிரி பாகங்களின் ஸ்டோர்ஸுக்காக வாங்கியது. கேக்கிலிருந்து எஃகுக்கு!

இங்கேதான் வினையும் ஆரம்பித்தது. லியோவின் ஆட்கள் மெஷினை மட்டும் விற்றுவிட்டு வர மாட்டார்கள். முதலில் உங்கள் ஆலை முழுக்க எப்படி வேலை நடக்கிறது என்று ஆராய்வோம், மாற்ற வேண்டியதை மாற்றுவோம், பிறகுதான் மெஷின் என்பார்கள். சரியான வைத்தியம்தான். ஆனால் தலைவலி மாத்திரை வாங்க வந்தவனுக்கு ஆபரேஷன் சொன்னால் எத்தனை பேர் படுப்பார்கள்? எங்கள் ஆபீஸை எப்படி நடத்துவது என்று டீக்கடைக்காரர் வந்து சொல்லித்தர வேண்டுமா என்று முறுக்கிக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஐ.பி.எம். விற்பனையாளரோ வாடிக்கையாளர் ஏற்கெனவே வைத்திருக்கும் பஞ்ச் கார்டு இலாகாவுக்குப் பொருந்துகிற மாதிரி மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். எது விற்றிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

லியோ-3 நல்ல மெஷின். 1962ல் வந்தது. ஒரே சமயத்தில் பல புரோகிராம்களை ஓட்டியது. ஆனால் ஆராய்ச்சிக்கு ஐ.பி.எம். கொட்டிய பணத்துக்கு முன்னால் ஒரு கேக் கம்பெனி எத்தனை நாள் நிற்கும்? 1963ல் லியோ, இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனியோடு சேர்ந்தது. 1968ல் அதுவும் ஐ.ஸி.எல். என்ற பெரிய கம்பெனிக்குள் கரைந்தது.

அந்த 1962ல்தான் சிம்மன்ஸ் தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். பெயர் லியோவும் மானேஜர்களும். வால்வைப் பற்றியோ பாதரசக் குழாயைப் பற்றியோ தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஒரு கம்பெனியில் ஒவ்வொரு மானேஜருக்கும் என்ன தெரிய வேண்டும், எப்போது தெரிய வேண்டும், கம்பெனி முழுவதையும் ஒரே திட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் அவர் கவலை. வேடிக்கை என்னவென்றால், அவருடைய சொந்தக் கம்பெனியிலேயே அந்த முழுத் திட்டம் நிறைவேறவில்லை. ஒவ்வொரு பிரிவையும் குடும்பத்தில் ஒருவர் தன் ராஜ்யமாக நடத்திவந்தார். பேக்கரியையும் டீக்கடையையும் சம்பளத்தையும் சேர்க்க முடிந்தது. ராஜ்யங்களைச் சேர்க்க மெஷினால் ஆகவில்லை. இன்றைக்கும் ஒருங்கிணைந்த அமைப்பு நிறுவப் போகிற எஞ்சினீயர்கள் வந்து சொல்கிற புகார் இதுதான். கேபிள் இழுப்பது ஒரு வாரம். ஸ்டோர்ஸ் மேலாளரையும் புரொடக்‌ஷன் மேலாளரையும் ஒரே பொருளுக்கு ஒரே நம்பர் வைக்க ஒப்புக்கொள்ள வைப்பதற்கு ஒரு வருஷம்.

முதல் லியோ மெஷினை 1965 ஜனவரியில் நிறுத்திப் பிரித்தார்கள். ஆறாயிரம் வால்வும் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் உழைத்திருந்தன. லயன்ஸ் கம்பெனி 1978ல் ஒரு மதுபான நிறுவனத்தின் கைக்குப் போனது. டீக்கடைகள் ஒவ்வொன்றாக மூடின. பிரிட்டிஷ் தபால் இலாகா வாங்கியிருந்த லியோ-3 மெஷின்கள் மட்டும் 1981 வரை டெலிபோன் பில் போட்டுக்கொண்டிருந்தன. ஜான் சிம்மன்ஸ் 1985ல் காலமானார்.